சாலை கடலை நோக்கி வரட்டும், கடலோடு சேர்ந்து ஓட வேண்டாம்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரைச் சாலைப் பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. கன்னியாகுமரியில் தொடங்கி கேரள எல்லையில் இருக்கிற நீரோடி வரைக்கும் கடலை ஒட்டியே ஒரு பெரிய நாலுவழிச் சாலை வரணும், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, சுற்றுலா பிச்சிக்கிட்டுப் போகும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். மும்பை கடற்கரைச் சாலையை மேலிருந்து எடுத்த ட்ரோன் வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பி "நமக்கு எப்போ மக்கா இப்படி?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு அந்தச் சாலை வேண்டாம். சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை, கடலுக்கு இணையாக, மணல் மேட்டின் மேல், அகலமாகப் போகிற சாலை வேண்டாம் என்கிறேன்.

கேட்கிறவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரைக்கும் பழைய சாலையில் வண்டி ஓட்டினவர்களுக்குத் தெரியும். தக்கலையில் நின்று, குழித்துறையில் நின்று, மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் கீழே நெரிசல் தீராமல், உள்ளே போடுகிற நாலுவழிச் சாலை வேலையோ வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கடற்கரை ஊர்களில் இருந்து ஒரு பிரசவ வலிக்காரியை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சேர்ப்பது இன்னமும் வயிற்றைக் கலக்குகிற காரியம்தான். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இறங்குகிற மீன் கேரளச் சந்தைக்கு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் விலை விழுந்துவிடும், ஐஸ் செலவு ஏறும். இதையெல்லாம் அனுபவிக்கிறவன் சாலை கேட்பான். கேட்கத்தான் வேண்டும்.

சரி, அப்படியானால் கடலை ஒட்டியே போட்டால் என்ன? அதைச் சொல்ல வேண்டுமானால் மணலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் மேற்குக் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் பெரிய அலைகள் கரை மணலை அள்ளிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் ஒரு திட்டாகப் போட்டு வைக்கும். அந்தத் திட்டில் முட்டித்தான் பின்னால் வருகிற அலை உடையும், கரைக்கு வந்து சேரும்போது வேகம் குறைந்திருக்கும். மழைக்காலம் போய்க் கடல் அடங்கியதும் அதே கடல் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். வருடா வருடம் நடக்கிறது இது. இதில் கரைக்குப் பின்னால் நிற்கிற மணல் மேடு முக்கியம். கெட்ட காலத்துக்கு எடுத்துக்கொள்ள வீட்டுக் குதிரில் நெல் கிடப்பது மாதிரி, பெரிய சீற்றம் வருகிற வருடம் கடல் எடுத்துக்கொள்வதற்கான மணல் அந்த மேட்டில்தான் இருக்கிறது.

சொத்தவிளைப் பக்கம் போனால் இன்னும் பார்க்கலாம். மேட்டின் கடல் பக்கத்துச் சரிவில் அடம்பங்கொடி படர்ந்து கிடக்கும், ஆட்டுக் குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ. ஒரு கொடியைப் பிடித்துத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பற்றியிருப்பது தெரியும். அதற்கு மேலே இராவணன் மீசைப் புல், தொட்டால் குத்தும், அதன் அடியில் காற்றில் வந்த மணல் குவிந்து குவிந்துதான் மேடு வளர்கிறது. மேட்டுக்கு உள்பக்கம் தாழை, புன்னை. மழைத் தண்ணீர் இந்த மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். அதனால்தான் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் கையால் தோண்டின ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மேட்டை இடித்துத் தாரும் கான்கிரீட்டும் போட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும், கிணற்றில் உப்பு ஏறும். இந்த நஷ்டம் எந்தத் திட்ட அறிக்கையின் மதிப்பீட்டுப் பக்கத்திலும் ரூபாய் கணக்கில் வருவதில்லை, வருவதெல்லாம் பிற்பாடு நாம் வாங்குகிற குடம் தண்ணீரின் விலையில்தான்.

சாலையை மேட்டின் மேல் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆடியில் கடல் மணலைக் கேட்கும். கிடைக்காது, ஏனென்றால் மணல் சாலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது கடல் அடியைப் பறிக்கும். இதை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சாலை ஒரேயடியாக இடிந்து விழாது. முதலில் ஓரத்து மண் போகும். அப்புறம் தாருக்கு அடியில் இருக்கிற ஜல்லியும் மணலும் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வெளியே வரும். மேலே தார் அப்படியே நிற்கும், வெள்ளைக் கோடு கூட அழியாமல் இருக்கும், குனிந்து பார்த்தால் அடியில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொந்து. யாராவது ஆட்டோவை ஓரமாக விட்டால் அதோடு சரி. வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கம் சாலை கடல் சீற்றத்தில் துண்டாகிப்போனதை நம் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க முடியாது. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் சங்குமுகம் கடற்கரைச் சாலை வருடக்கணக்கில் அரித்து, 2021 மே மாதம் டவ்தே புயல் நேரத்துக் கடல் சீற்றத்தில் பெரும்பகுதி போய், அப்புறம் நிலத்துக்குள் ஆழமாகக் கான்கிரீட் சுவர் இறக்கித்தான் திரும்பக் கட்ட முடிந்தது. விமான நிலையத்துக்குப் போகிற சாலை என்பதால் அவ்வளவு செலவு செய்தார்கள். நமக்கு யார் செய்வார்கள்?

செய்வார்கள், வேறு மாதிரி. பாறாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சாலை போட்டால் அதைக் காக்கத் தடுப்புச் சுவர் வேண்டும், சுவர் கட்டினால் அலை அதில் மோதித் திரும்பும் வேகத்தில் முன்னால் இருக்கிற கொஞ்ச மணலையும் வாரிக்கொண்டு போகும், சுவர் முடிகிற இடத்தில் பக்கத்து ஊர்க் கரை அரிக்கத் தொடங்கும், அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கும் சுவர் கேட்டுச் சாலை மறியல் செய்வார்கள், அதுவும் நியாயம்தான், வீடு போகிறவன் என்ன செய்வான். சுவர் போதாது என்று தூண்டில் வளைவு போடுவார்கள், அதாவது கரையில் இருந்து கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் வரிசை. ஒரு பக்கம் மணல் சேரும், அடுத்த பக்கம் குறையும், ஏனென்றால் கரையோரமாக நகர்ந்துகொண்டிருக்கிற மணலைத்தான் அந்த வளைவு பிடித்து நிறுத்துகிறது, புதிதாக மணலை அது உண்டாக்குவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர்க்காரர்கள் தங்கள் கரை போனதற்கு நம் பக்கத்துத் தூண்டில் வளைவைக் குறை சொல்கிறார்கள். நம் ஊர்களுக்குள்ளேயும் இதே புகார் உண்டு. ஊருக்கும் ஊருக்கும் மனக்கசப்பு வருகிற அளவுக்கு இது போயிருக்கிறது.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நம் மலையில் இருந்துதான். ஏற்கெனவே கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு போன லாரிகளால் நம் சாலைகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கடற்கரை நெடுஞ்சாலைக்கு ஜல்லி வேண்டும், எம்-சாண்ட் வேண்டும், அதைக் காக்கக் கல் வேண்டும், அந்தக் கல் ஒவ்வொரு சீற்றத்துக்கும் மணலில் புதைந்து இறங்கும்போது மேலே கொட்ட இன்னும் கல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை உடைத்து அரபிக்கடலில் போடுகிற வேலை இது. ஒரே மாவட்டத்தில் இரண்டையும் இழக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டா இருக்கிறார், கரமடி இழுத்தவர். கரமடி தெரியாதவர்களுக்கு: வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் சேர்ந்து இழுப்பது. அதற்கு நீளமான, தடையில்லாத மணல் கரை வேண்டும். இழுக்கிறவர்கள் பின்னால் நடந்துபோக இடம் வேண்டும், இரண்டு கோஷ்டியும் மெல்ல நெருங்கிவர இடம் வேண்டும். கல் சுவர் வந்த கரையில் இந்தத் தொழில் இல்லை. "வலை போடலாம் மக்கா, நின்னு இழுக்க மண்ணு எங்க?" என்றார் ஒரு தடவை. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நெத்திலி காயப்போடுகிற பெண்களுக்கும் இதே பிரச்சினைதான். மணல் போனதால் சாலை ஓரத்துத் தாரில்தான் காயப்போடுகிறார்கள், பாதி சாலையில் நெத்திலி வெள்ளி மாதிரி மின்னும், மீதிப் பாதியில் பேருந்து ஒதுங்கி ஒதுங்கிப் போகும். இன்றைக்கு ஓட்டுநரும் சத்தம் போடாமல் போய்விடுகிறார், எல்லாம் தெரிந்த முகம். அதே சாலை நாலுவழி ஆகி, எண்பதில் வண்டி போகிற சாலை ஆனால் அந்தப் பெண்கள் அங்கே ஆக்கிரமிப்பாளர்கள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சென்னையில் நடந்தது. மெரினா கலங்கரை விளக்கத்தில் இருந்து பட்டினப்பாக்கம் போகிற லூப் சாலை நொச்சிக்குப்பம் மாதிரி மீனவக் குப்பங்களுக்கு நடுவே போகிறது. குப்பம் முதலில், சாலை பிறகு. ஆனால் 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, மீன் கடைகளை அகற்றச் சொன்னது, மீனவர்கள் சாலையில் மீனைக் கொட்டிப் போராட வேண்டி வந்தது. சாலை வந்ததும் யார் யாருக்கு இடைஞ்சல் என்கிற கணக்கே தலைகீழாக மாறிவிடுகிறது.

நம் மாவட்டத்தில் இது இன்னும் கொடுமையாக இருக்கும். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் நமக்குத்தான். அது மலையும் காடும் சேர்த்த சராசரி. கடற்கரை ஊர்களுக்குள் வந்து பாருங்கள், சுவரோடு சுவர் ஒட்டி வீடு, நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசுகிற முடுக்கு. அங்கே சாலையை அகலமாக்குவது என்றால் ஒரு வரிசை வீடு முழுசாகப் போகும். அந்தக் குடும்பங்களுக்கு எங்கே மாற்று இடம் கொடுப்பார்கள்? கடலுக்குப் பக்கத்தில் இடம் இல்லை. அஞ்சு கிலோமீட்டர் உள்ளே கொடுப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கடலின் சத்தத்தைக் கேட்டு இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவனுக்கு அந்த வீடு எதற்கு?

ஆற்று முகங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கடலை ஒட்டிச் சாலை போனால் பழையாறு, வள்ளியாறு, குழித்துறைத் தாமிரபரணி என்று ஒவ்வொரு பொழிமுகத்தையும், அதாவது ஆறு கடலில் சேருகிற வாயையும், தாண்டித்தான் ஆக வேண்டும். செலவைக் குறைக்க இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டி மேடாக்கி, நடுவில் மட்டும் குட்டையாக ஒரு பாலம் வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் கடல் ஏற்றத்தில் உள்ளே வருகிற கடல்தண்ணீரும் மழையில் வெளியே போகிற ஆற்றுத் தண்ணீரும் அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் போய்வர முடியும். ஓட்டம் குறைந்தால் பொழி மணலால் சீக்கிரம் அடைபடும், காயலில் மீன் குஞ்சு உள்ளே வருவது குறையும், மணக்குடிக் காயல் ஓரத்துக் கண்டல் (அலையாத்தி) காட்டுக்கு உப்பும் நன்னீரும் மாறி மாறிக் கிடைப்பது கெடும். வெள்ளக் காலத்தில் இன்னும் மோசம். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது நினைவிருக்கும், அப்படிப்பட்ட மழையில் ஆற்றின் வாயை இறுக்கிப் பிடிக்கிற எந்த மண்மேடும் மேலே இருக்கிற வயலையும் வீட்டையும் முக்கும்.

மணக்குடிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தப் பாலத்தின் கான்கிரீட் மேல்தளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையே தொடர்பே அறுந்தது. அன்றைக்கு மாவட்டத்தில் சுமார் 800 பேர் செத்தார்கள், குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராக. தப்பித்தவர்கள் எந்தத் திசையில் ஓடினார்கள்? கடலுக்கு இணையாக ஒருத்தரும் ஓடவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேட்டைப் பார்த்து, கிழக்கும் வடக்குமாக ஓடினார்கள். கையில் பிள்ளையோடு முடுக்குகளில் முட்டி மோதிக்கொண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சொல்கிறேன், நமக்கு அகலமாக வேண்டியது ஊரில் இருந்து உள்ளே போகிற சாலைகள். ஒவ்வொரு கடற்கரை ஊரில் இருந்தும் நெடுஞ்சாலைக்கு நேராகப் போகிற சாலையை இரண்டு பேருந்து தாராளமாக விலகுகிற அகலத்துக்கு ஆக்குங்கள். ஆம்புலன்ஸ் அதில்தான் போகும், மீன் லாரி அதில்தான் போகும், கடல் ஊருக்குள் வந்தால் ஜனம் அதில்தான் ஓடும். அந்தச் சாலை கடலைத் தொடுகிற இடம் ஒரு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான், ஆகவே மணல் மேடும் பெரும்பகுதி பிழைக்கும்.

மும்பைக்கு வருகிறேன், வீடியோ அனுப்பிய நண்பர்களுக்காக. மெரின் லைன்ஸில் இருந்து வொர்லி வரை 10.58 கிலோமீட்டர், செலவு 13,000 கோடி ரூபாய்க்கு மேல், கடலில் நிரப்பிய நிலம் மட்டும் 111 ஹெக்டேர். 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதன் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியையே ரத்து செய்தது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்து வேலை தொடர்ந்தது, 2024 மார்ச்சில் முதல் பகுதி திறந்தது. பயண நேரம் குறைந்தது உண்மை. ஆனால் வொர்லி கோலிவாடா மீனவர்கள் தங்கள் படகு போய்வரப் பாலத் தூண்களுக்கு நடுவே போதுமான இடைவெளி வேண்டும் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு இடத்தில் 60 மீட்டரை 120 மீட்டராக மாற்ற வைத்தார்கள். நிரப்பி மூடிய பாறைக் கரைகளில் அவர்கள் இழந்ததற்கு எந்தப் பாலமும் ஈடாகாது. அந்த வீடியோக்களில் இவர்கள் வருவதே இல்லை.

இன்னொரு பக்கம், முன்னாடியே இப்படிச் சாலை போட்ட ஊர்கள் இடித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் போர்ட்லாந்து தன் ஆற்றங்கரை விரைவுச் சாலையை 1974-ல் மூடிப் பூங்கா ஆக்கியது. சான்ஃபிரான்சிஸ்கோவில் கடலோர மேம்பாலச் சாலை 1989 நிலநடுக்கத்தில் சேதமானதும், திரும்பக் கட்டாமல் 1991-ல் இடித்தார்கள். சியாட்டிலில் 1953-ல் திறந்த கரையோர மேம்பாலத்தை 2019-ல் இடித்துவிட்டு வண்டிகளைச் சுரங்கத்துக்குள் அனுப்பினார்கள். அதே சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்தாலே கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம், டயர் தேய்ந்து சாலையில் படிகிற துகளில் இருந்து வருகிற ஒரு ரசாயனம் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். கரைக்குப் பக்கத்தில் பெரிய சாலை இருந்தால் டயர் துகளும் எண்ணெயும் முதல் மழையிலேயே தண்ணீருக்குப் போய்ச் சேரும், நடுவில் வடிகட்ட மணலும் செடியும் இருக்காது. சாலை விளக்கும் அப்படித்தான், முட்டையில் இருந்து வருகிற ஆமைக் குஞ்சு வெளிச்சம் எங்கேயோ அங்கே போகும், கடல் பக்கத்தை விடச் சாலை பக்கம் வெளிச்சமாக இருந்தால் டயருக்கு அடியில்தான் முடியும்.

அப்போ உள்ளே தள்ளிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே நம் குளங்கள் இருக்கின்றன. சுசீந்திரம் குளத்தை நடுவாகப் பிளந்துகொண்டுதான் நாகர்கோவில் கன்னியாகுமரிச் சாலை போகிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, தூர தேசப் பறவைகள் வருகிற இடங்கள். நாலுவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் கொட்டினபோது விவசாயிகள் நீதிமன்றம் வரை போனார்கள். கடலைக் காப்பாற்றக் குளத்தைக் கொடு என்று நான் கேட்கவில்லை. குளம் வருகிற இடத்தில் தூண் நட்டுப் பாலமாகப் போகட்டும், அதற்குக் கூடுதல் பணம் ஆகும், ஆகட்டும். அந்தக் கூடுதல் ஒரு தடவைச் செலவு. கடல் சுவர் ஒவ்வொரு ஆடிக்கும் செலவு. இருக்கிற மேற்குக் கடற்கரைச் சாலையைக் குழி இல்லாமல் வைத்துக்கொண்டு, அகலமாக்காமல், உள்ளூர் பேருந்துக்கும் சைக்கிளுக்கும் விடலாம், அரித்துப்போன இடத்தில் அதே கோட்டில் கட்டாமல் உள்ளே வளைத்துக் கட்டலாம்.

இந்தச் சாலை எந்தப் பெயரில் வந்தாலும் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்கள், மேடையில் ஒளிப்படம் ஓட்டுவார்கள். அன்றைக்குக் கோஷம் மட்டும் போட்டால் "எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கேள்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உயர் அலைக் கோட்டில் (கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறுகிற எல்லையில்) இருந்து சாலையின் ஓரம் எங்கள் ஊரில் எத்தனை மீட்டர்? 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி கண்டல் காட்டை அழித்துப் போடுகிற சாலைக்கு, அழிகிற பரப்பைப் போல மூன்று மடங்கு நட வேண்டும், அந்த நடுகைக்கு எந்த ஊரில் இடம் வைத்திருக்கிறீர்கள்? பொழிமுகத்தில் மண்மேடா, தூணா, தூண் என்றால் நடுவில் இடைவெளி எவ்வளவு, வள்ளம் போகுமா? சாலையைக் காக்கத் தடுப்புச் சுவர் வருமா, வரும் என்றால் அதன் செலவும் அது முடிகிற இடத்துக்கு அடுத்த ஊரின் கரைக்கு என்ன ஆகும் என்கிற ஆய்வும் இதே அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? உங்கள் ஊருக்குத் தேவையானதை இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனு மாதிரியை இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன், ஊர் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.